அத்தியாயம் 7: ஊர் விழாவில் ஓவியம் வைப்பது

கலைக்கூடத்துக்கு வருபவர் ஓவியம் பார்ப்பதற்கென்றே வீட்டிலிருந்து கிளம்பியவர். ஊர் விழாவுக்கு வருபவர் கோலப்போட்டி பார்க்க வருகிறார், பேத்தியின் பரதநாட்டியம் பார்க்க வருகிறார், கைமுறுக்கு வாங்க வருகிறார். போகிற வழியில் உங்கள் படம் கண்ணில் படுகிறது. நிற்பதா நகர்வதா என்று அவர் முடிவு செய்ய ஓரிரு நொடிகள்தான் ஆகும். அந்த மனிதருக்காக எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது, என்ன விலை வைப்பது, என்ன பேசுவது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

நான் சென்னையில் நீர்வண்ணத்தில் வரைகிறவள். மாட வீதிகள், தெப்பக்குளங்கள், ஓட்டு வீடுகள், மீன் ஏலம் நடக்கும் கரைகள்தான் நான் வரைபவை. குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் விழா, பூங்கா, நூலக வளாகம், கோயில் தெரு, வெளியூர் ஓவியச் சந்தை எனப் பல இடங்களில் படங்களோடு நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் தேறிய ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், தேர்ந்தெடுத்த இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிப் போங்கள்.

முதல் ஆண்டு மக்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். அடுத்த ஆண்டு, "போன தடவையும் வந்திருந்தீங்கல்ல?" என்று கேட்பார்கள். அதற்கடுத்த முறை வீட்டிலிருப்பவர்களையும் கூட்டி வருவார்கள். சாமி படமும் காலண்டரும் மாட்டிய சுவரில், கையால் வரைந்த ஓர் ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுவது நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் புதிய பழக்கம். அது ஒரே மாலையில் வந்துவிடாது. நீங்கள் எங்கும் போய்விட மாட்டீர்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு முதலில் வர வேண்டும். கீழே வரும் எல்லா யோசனைகளும் அந்த நம்பிக்கையை வளர்ப்பதற்கானவையே.

எந்த விழாவைத் தேர்ந்தெடுப்பது?

விழாக்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, அக்கம்பக்க விழா. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் கொண்டாட்டம், நகராட்சிப் பூங்காவின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி, பள்ளி ஆண்டுவிழா, கிளை நூலகத்தின் வாசகர் விழா ஆகியவை இதில் அடங்கும். இடத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது. இருந்தாலும் சிறு தொகைதான். கூட்டமும் சிறியது. ஆனால் அதே முகங்கள் அடுத்த ஆண்டும் வரும். புதிதாகத் தொடங்குகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, பேட்டை விழா. ஒரு பகுதி முழுவதும் சேர்ந்து கொண்டாடுவது. சென்னையில் ஒவ்வொரு ஜனவரியிலும் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நடக்கும் மயிலாப்பூர்த் திருவிழா நல்ல எடுத்துக்காட்டு. வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிக்குக்கோலம் போடுகிற பெண்களுக்குக் கோட்டைப் படிக்கத் தெரியும். எங்கே கை தயங்கியது, எங்கே ஒரே இழுப்பில் வந்தது என்பதை உடனே கண்டுகொள்வார்கள். படிப்பறியாத கூட்டம், கலை தெரியாத கூட்டம் என்று நினைத்துக்கொண்டு இத்தகைய விழாவுக்குப் போகக் கூடாது. ஒரு முறை, என் படத்தில் இருந்த படகின் முகப்பை மட்டும் பார்த்து, நான் எந்தக் கரையில் உட்கார்ந்து வரைந்தேன் என்று ஒரு மீனவர் சரியாகச் சொன்னார். உங்கள் படத்தில் இருக்கும் பொருளோடு வாழ்கிறவரே அதற்கு முதல் விமர்சகர்.

மூன்றாவது, ஓவியச் சந்தை. பெங்களூரின் சித்ர சந்தையைத்தான் தென்னிந்திய ஓவியர்கள் முதலில் சொல்வார்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்திவரும் சந்தை அது. வழக்கமாக ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, சாலையின் இருபுறமும் ஓவியர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். பல மாநிலங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். நூறு ரூபாய்ப் படமும் லட்ச ரூபாய்ப் படமும் ஒரே சாலையில் இருக்கும். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். விற்பனையைவிட, பிற ஓவியர்கள் எப்படி மாட்டுகிறார்கள், எந்த விலை சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. கடை போடுவதற்கு முந்தைய ஆண்டு பார்வையாளராகப் போய் அந்தச் சாலையை ஒரு முறை முழுக்க நடந்து வாருங்கள்.

ஊர் விழாவில் விற்பது தங்கள் கலைக்குக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பாட்டிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற வருமானமே அவர்களுக்குக் கைகொடுத்தது. சென்னை ஓவிய இயக்கத்தின் பெரிய ஓவியர்கள் பலரும் அங்கே வாழ்ந்தவர்கள். வாழ்த்து அட்டையும் சிறு படமும் விற்பதில் எந்த ஓவியருக்கும் கூச்சம் வேண்டியதில்லை.

விண்ணப்பிக்குமுன் கேட்க வேண்டியவை

ஏற்பாட்டாளரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

1. இடத்தின் அளவு என்ன? மேசை, நாற்காலி, பந்தல், தட்டி யார் பொறுப்பு?
2. கட்டணம் எவ்வளவு? விற்பனையில் பங்கு எடுப்பார்களா? எத்தனை சதவீதம்?
3. மின் இணைப்பு உண்டா? மாலை விளக்கு யார் பொறுப்பு?
4. மழை வந்தால் என்ன ஏற்பாடு? ரத்தானால் பணம் திரும்ப வருமா?
5. வண்டியை எங்கே நிறுத்தி இறக்குவது? எத்தனை மணிக்குள் இறக்க வேண்டும்?
6. பக்கத்துக் கடை எது? வடை சுடும் அடுப்புக்கும் ஒலிபெருக்கிக்கும் அருகே இடம் கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லலாமா?
7. கழிப்பறை எங்கே? நாள் முழுவதும் நிற்கும் பெண்களுக்கு இது முதல் கேள்வி.

பெரிய தொகை வாங்கிக்கொண்டு சான்றிதழும் பதக்கமும் தருவதாகச் சொல்லும் "கண்காட்சி" அழைப்புகள் நிறைய வரும். யார் பார்க்க வருவார்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் தெளிவான பதில் இருக்காது. அந்தப் பணத்துக்கு நல்ல காகிதம் வாங்குங்கள். சொந்தமாகக் கண்காட்சி வைக்கும் நிலை வந்தால், சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையம் போன்ற பொது அமைப்புகளின் கூடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

எதைக் கொண்டுபோவது?

பத்து அடி அகலக் கடைக்கு இருபது படங்களுக்கு மேல் வேண்டாம். நிறைய மாட்டினால் எதன் மீதும் கண் நிற்காது. நான் மூன்று அளவாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலில், தூரத்திலிருந்தே ஆளை நிறுத்தும் ஒரு பெரிய படம். அது விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடையின் நடுவில், எதிர்ப்பட்டு வருபவரின் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும். ஒளிக்கும் நிழலுக்கும் வேறுபாடு கூடுதலாக உள்ள படம் இதற்கு ஏற்றது. மென்மையான நிறங்கள் வெயிலில் வெளிறித் தெரியும்.

அடுத்து, ஏ3, ஏ4 அளவுகளில் பத்துப் பன்னிரண்டு மூல ஓவியங்கள். இவைதான் உண்மையில் வீடுகளுக்குப் போகின்றன. நம் வீட்டுக் கூடங்களின் சுவரில் இடம் குறைவு. டிவிக்கும் அலமாரிக்கும் நடுவில் மாட்டும் அளவாக இருந்தால் வாங்குகிறவர் தயங்குவதில்லை.

மூன்றாவது, வாழ்த்து அட்டை, புத்தகக் குறி, அச்சுப் பிரதி. கையில் நூறு ரூபாயோடு வரும் கல்லூரி மாணவிக்கும் எடுத்துப் போக ஏதாவது இருக்க வேண்டும். அவள் சம்பாதிக்கத் தொடங்கும்போது உங்கள் பெயர் அவளுக்கு நினைவிருக்கும். பிரதிகளின் மேல் "அச்சுப் பிரதி" என்று தமிழில் தெளிவாக எழுதிவிடுங்கள். எண்ணிக்கை வைத்து அச்சிட்டால் 3/25 என்பதுபோல் எண்ணிட்டுக் கையெழுத்திடுங்கள். இருபத்தைந்து என்று சொன்ன பிறகு இருபத்தாறாவதை அச்சிடக் கூடாது.

பொருளைப் பொறுத்தவரை, விழா நடக்கும் பகுதியை வரைந்த சில படங்களாவது கட்டாயம் இருக்கட்டும். ஒரு முறை பழைய திண்ணை வீடு ஒன்றின் படத்தின் முன் நின்ற மூதாட்டி, "இந்தத் திண்ணைலதாம்மா நான் பல்லாங்குழி ஆடினேன்" என்றார். அன்று அவர் எதுவும் வாங்கவில்லை. நெடுநேரம் நின்று அந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு தம்பியைக் கூட்டி வந்து அதே படத்தைக் கேட்டார். அவர் சொன்ன விவரங்கள் என் குறிப்பேட்டில் இருந்தன; அவற்றைப் படத்தின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டு நான் வேறு விழாவுக்குப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

வயதானவர்களின் கண்ணுக்கு ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களும் கோபுலுவின் கோடுகளும் இன்னும் அளவுகோலாக இருக்கின்றன. "சில்பி மாதிரி நுணுக்கமா இல்லையே" என்று ஒருவர் சொன்னால் வருந்த வேண்டாம். சில்பி நாள்கணக்காகச் சிற்பத்தின் முன் உட்கார்ந்து கோட்டில் வரைந்தார், நான் ஈரக் காகிதத்தில் மாலை வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறேன் என்று விளக்குங்கள். பத்திரிகை ஓவியத்தின் வழியே கண் பழகியவர்கள் அவர்கள். அவர்களோடு பேசுவது நமக்குக் கிடைத்த பேறு.

சட்டம் போடுவதும் கட்டி எடுப்பதும்

திறந்தவெளி விழாவுக்குக் கண்ணாடிப் பிரேம் கனம். உடைந்தால் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் ஆபத்து. நீர்வண்ணப் படங்களுக்கு அக்ரிலிக் தகடு போடுங்கள். எளிதில் கீறல் விழும் என்பதால் மெல்லிய பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம் அதற்கு ஆகாது. படத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மவுண்ட் அட்டை இருந்தே ஆக வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் படம் நேரடியாகத் தகட்டில் ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். அமிலம் நீக்கிய மவுண்ட் அட்டை கேட்டு வாங்குங்கள். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் காகிதத்தின் ஓரத்தை மஞ்சளாக்கும்.

சென்னையில் பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் பிரேம் கடைகள் வரிசையாக உண்டு. ஏ3, ஏ4 என்று ஒரே அளவுகளில் வரைந்தால் மொத்தமாகச் சட்டம் போடலாம், செலவு குறையும், விற்காத படத்தின் சட்டத்தை அடுத்த படத்துக்கு மாற்றலாம். எல்லாவற்றையும் சட்டமிட வேண்டியதில்லை. பாதிப் படங்களை மவுண்ட் செய்து, பின்னால் தடித்த அட்டை வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு பெட்டியில் நிறுத்திவையுங்கள். கையால் புரட்டிப் பார்க்கிறவர் கடையில் அதிக நேரம் நிற்பார்.

அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெயிலில் அந்தப் பூச்சு இளகும். முகத்தோடு முகம் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். குமிழ் உறையின் குமிழ்ப் பக்கம் படத்தின் மேல் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும். இடையில் பட்டர் பேப்பர் வைத்து, குமிழ்ப் பக்கத்தை வெளியே வைத்துச் சுற்றுங்கள். எண்ணெய் வண்ணப் படம் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே முழுதாகக் காய மாதங்கள் ஆகும். போன வாரம் முடித்த படத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கடையை அமைப்பது

வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்த பிறகு ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் நமக்கு விழாக் காலம். இதமான காலமாக இருந்தாலும் ஓவியத்துக்கு மூன்று தொல்லைகள் உண்டு.

பனி: காலையில் சீக்கிரம் போய் வெட்டவெளியில் படத்தைப் பிரிக்காதீர்கள். தரையும் மேசையும் ஈரமாக இருக்கும். தார்ப்பாய் விரித்து, வெயில் ஏறிய பிறகு மாட்டுங்கள்.

வெயில்: கடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு பார்த்த கடை ஓவியத்துக்கு நல்லது. மேற்கு பார்த்தால் பிற்பகலில் நேர் வெயில் விழும். வெள்ளை வேட்டியையோ காடாத் துணியையோ மேலிருந்து சரித்துக் கட்டுங்கள். நிறத் துணி வேண்டாம். நீலத் தார்ப்பாயின் கீழ் நின்றால் எல்லாப் படமும் நீலம் பூசியதுபோல் தெரியும். மங்கிப்போகும் நிறமிகளை முதலிலேயே தவிர்ப்பது நல்லது. ஒளிரும் ஓபரா ரோஜா நிறமும் பழைய வகை அலிசரின் கிரிம்சனும் வெளிச்சத்தில் வெளிறுபவை. வண்ணக் குழாயின் மேல் ஒளி தாங்கும் தரம் அச்சிட்டிருக்கும். அதைப் படித்து வாங்குங்கள்.

காற்று: சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும். ஈசலைக் காற்று சாய்த்துவிடும். இரும்பு வலைத் தட்டியை வாடகைக்கு எடுத்து, எஸ் கொக்கியில் படத்தை மாட்டி, கீழ் முனையையும் கம்பியால் கட்டுங்கள். தட்டியின் காலில் மணல் மூட்டை வையுங்கள். ஒவ்வொரு பிரேமின் பின்னாலும் இரண்டு வளையமும் உறுதியான கயிறும் இருக்கட்டும்.

கலைக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 அங்குல உயரத்தில் இருக்கும்படி மாட்டுவது வழக்கம். ஊர் விழாவில் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் உண்டு. ஆகவே கீழ் வரிசையில் சில சிறு படங்களை வையுங்கள். ஒரு பிள்ளை நின்றால் அதன் பின்னால் குடும்பமே நிற்கும்.

மாலையில் மஞ்சள் விளக்கு போட்டால் நீலங்கள் செத்துவிடும். பாட்டரியில் எரியும், நடுநிலை வெள்ளை ஒளி தரும் எல்இடி விளக்குகள் இரண்டைக் கையோடு வைத்திருங்கள். ஏற்பாட்டாளர் விளக்கு வரும், வராது, உங்களுடையது இருக்கும்.

ஒவ்வொரு படத்தின் கீழும் சிறு அட்டை: தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, விலை. தமிழில் எழுதுங்கள், வேண்டுமானால் கீழே ஆங்கிலம். விலையை மறைத்துவைத்தால், கேட்கக் கூச்சப்படுகிறவர் அப்படியே நகர்ந்துவிடுவார்.

விலை

முகத்தைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் ஊர் விழாவில் நிலைக்காது. போன ஆண்டு வாங்கியவரும் இந்த ஆண்டு கேட்பவரும் ஒரே தெருவில் இருப்பார்கள், பேசிக்கொள்வார்கள். யாரிடமும் விளக்கிச் சொல்லக்கூடிய ஒரு கணக்கு வேண்டும்.

பலர் சதுர அங்குலக் கணக்கு வைக்கிறார்கள். ஏ3 தாள் 11.7 × 16.5 அங்குலம், சுமார் 193 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 15 ரூபாய் என்றால் 2,895, அதாவது 2,900. அதே கணக்கில் ஏ4 படம் 1,450 ஆகிறது. சிறிய படத்துக்குப் பாதி உழைப்புதான் ஆகும் என்று சொல்ல முடியாது என்பதால், நான் நீள அகலத்தைக் கூட்டும் முறையை விரும்புகிறேன். ஏ3-க்கு 11.7 + 16.5 = 28.2, அங்குலத்துக்கு 100 ரூபாய் வைத்தால் 2,820. ஏ4-க்கு 8.3 + 11.7 = 20; ஆக 2,000. சிறிய படம் மிக மலிவாகவும் பெரிய படம் எட்டாத உயரத்திலும் போகாமல் இம்முறை காக்கும். இந்த எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக. உங்கள் விகிதத்தை உங்கள் பொருள் செலவும் அனுபவமும் முடிவு செய்யட்டும். பிரேம் செலவைத் தனியாகச் சேர்த்துச் சொல்லுங்கள்.

"லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க மேடம்" என்பது நம் ஊரில் வழக்கமான பேச்சு. அதை அவமதிப்பாக எடுக்க வேண்டாம். "பிரேம் இல்லாம எடுத்தா இவ்வளவு, இல்லன்னா இதே இடத்தோட சின்னப் படம் இது" என்று வழி காட்டுங்கள். இரண்டு தவணையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மாலை ஏழு மணிக்கு விலையைப் பாதியாக்கினால், காலையில் முழு விலை கொடுத்தவரை ஏமாற்றியவராவோம். அடுத்த ஆண்டிலிருந்து எல்லோரும் ஏழு மணிக்கே வருவார்கள். விகிதத்தை ஆண்டுக்கு ஒரு முறை சிறிதாக உயர்த்துங்கள்; ஏற்றிய விலையை மீண்டும் இறக்காதீர்கள்.

பேச்சு

நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். வந்தவுடன் பாய்ந்து விளக்கினாலும் ஓடிவிடுவார்கள். வணக்கம் சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். அவர் கண் ஒரு படத்தில் தங்கியதும், அந்தப் படத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள்: எங்கே, எந்த வேளையில் வரைந்தது என்பதுபோல. பிறகு அவர் பேசட்டும்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சில உண்டு. "அக்கா, இது பிரிண்டா, கையில வரைஞ்சதா?" என்றால், சட்டமில்லாத மூல ஓவியம் ஒன்றைக் கையில் கொடுங்கள். 300 கிராம் காகிதத்தின் சொரசொரப்பையும், நிறம் தேங்கிக் காய்ந்த ஓரத்தையும் பார்த்தால் அதன் பின் விளக்கம் தேவைப்படாது. "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்ற கேள்விக்குப் பின்னால் விலைக்கும் உழைப்புக்கும் உள்ள பொருத்தத்தைத் தேடும் நேர்மையான மனம் இருக்கிறது. தூரிகை பிடித்த நேரத்தை மட்டும் சொல்லாமல், இடத்தைத் தேடிப்போனது, பென்சிலில் பார்த்தது, கிழித்துப் போட்ட தாள்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "என் பையன் நல்லா வரைவான், என்ன செய்யலாம்?" என்று கேட்கும் பெற்றோரிடம் அவசரப்படாதீர்கள். எந்தக் காகிதம், எந்தப் பென்சில், பக்கத்தில் யார் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது என்று சொன்னால், ஓவியமும் படிப்புதான் என்ற எண்ணம் அவர்களுக்கு உறுதிப்படும்.

நாளில் இரண்டு வேளையாவது கடையிலேயே உட்கார்ந்து வரையுங்கள். எதிரில் தெரியும் காட்சியையே, ஒரு மணி நேரத்தில் முடியும் அளவில் வரையுங்கள். வெள்ளைத் தாளில் தெரு உருவாவதைப் பார்த்தவருக்கு, சுவரில் மாட்டியிருக்கும் மற்றப் படங்களும் புரியத் தொடங்கும். பக்கத்தில் ஒரு பாய் விரித்து, பிள்ளைகளுக்குத் தாளும் கலர் பென்சிலும் வையுங்கள். அவர்கள் வரைந்ததைத் திருத்த வேண்டாம். பெயரும் தேதியும் எழுதி அவர்களிடமே கொடுங்கள்.

பணமும் உரிமையும்

யுபிஐ கியூஆர் அட்டையைக் கண்ணில் படும்படி வையுங்கள். கூட்டத்தில் நெட்வொர்க் திணறும்; சில்லறையும் கையில் இருக்கட்டும். வாங்குபவர் காட்டும் திரையைப் பார்த்துப் படத்தைக் கொடுக்காமல், உங்கள் கணக்கில் பணம் வந்த செய்தியைப் பார்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது எழுதுங்கள்: தலைப்பு, அளவு, ஊடகம், தொகை, தேதி, கையெழுத்து. ஜிஎஸ்டி பதிவு தேவையா என்பது ஆண்டு விற்றுமுதலையும் வெளிமாநிலத்தில் விற்பதையும் பொறுத்தது. வெளிமாநிலச் சந்தைக்குப் போகுமுன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படத்தை விற்றாலும் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் அது கைமாறும். ஓவியரின் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். வாங்கியவர் படத்தை வீட்டில் மாட்டலாம், பரிசளிக்கலாம், மறுபடி விற்கலாம். காலண்டராக அச்சிட உங்கள் அனுமதி வேண்டும். இதை ரசீதின் அடியில் ஒரு வரியாக அச்சிட்டுவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. ஊர் விழாவில், "எங்க தாத்தா வீட்டை வரைஞ்சு தருவீங்களா?" என்று பலர் கேட்பார்கள். ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று வரையும் ஓவியத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்கிறது அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பிரதி போடும் எண்ணம் இருந்தால் முன்பணம் வாங்கும்போதே "பதிப்புரிமை ஓவியருக்கு" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அளவு, தவணை, எத்தனை திருத்தம், முடியும் தேதி ஆகியவையும் அதே தாளில் இருக்கட்டும்.

புறப்படுமுன் சரிபார்க்க

• படங்களின் பட்டியல் இரண்டு பிரதி, விலையோடு
• எஸ் கொக்கி, கம்பி, கத்தரி, சுத்தி, துணிக்கிளிப்பு, மணல் மூட்டை
• தார்ப்பாய், வெள்ளைத் துணி, பிளாஸ்டிக் உறைகள்
• எல்இடி விளக்கு, மாற்று பாட்டரி
• ரசீதுப் புத்தகம், கியூஆர் அட்டை, சில்லறை
• பெயர், தொலைபேசி எண் கொண்ட அட்டை
• வரையும் பொருள்கள், பிள்ளைகளுக்குத் தாள்
• தண்ணீர், தொப்பி, சாப்பாடு
• குறிப்பேடு
• துணைக்கு ஒருவர். தனியாகக் கடையைப் பார்த்துக்கொள்வது நடக்காது. சாப்பிடவும் கழிப்பறைக்கும் போகும் நேரத்தில் படங்களின் அருகே ஆள் இருக்க வேண்டும்.

விழா முடிந்த பிறகு

அன்றிரவே குறிப்பேட்டை எழுதி முடியுங்கள். விற்றது என்ன என்பதோடு, எந்தப் படத்தின் முன் அதிகம் பேர் நின்றார்கள், என்ன கேட்டார்கள், யார் எந்த இடத்தை வரையச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கான வேலை அந்தப் பக்கங்களிலிருந்துதான் தொடங்கும். கேட்டவருடைய சொல்லுக்காக மட்டும் வரைய வேண்டாம். உங்களுக்கும் ஆசையுள்ள இடம் அந்தப் பட்டியலில் இருந்தால் போய்ப் பாருங்கள்.

மறுவாரத்துக்குள் வாங்கியவர்களுக்கு நன்றிச் செய்தி அனுப்புங்கள். சுவரில் ஈரம் இல்லாத இடமாக, நேர் வெயில் படாத இடமாக மாட்டச் சொல்லுங்கள். எண் கொடுத்துப் போனவர்களுக்கு ஆண்டில் ஓரிரு முறைக்கு மேல் செய்தி அனுப்ப வேண்டாம். ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி எழுதுங்கள். பெரும்பாலும் சம்பளமில்லாமல் உழைக்கும் அக்கம்பக்கத்து மனிதர்கள் அவர்கள். எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று சொன்னால், அடுத்த ஆண்டு விளக்கும் தட்டியும் கேட்காமலே வரும்.

வரவு செலவை எழுதும்போது இடக்கட்டணம், வண்டி வாடகை, பிரேம், அச்சு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். முதல் ஆண்டு கையைக் கடித்தால் அதை வைத்து அந்த இடத்தைத் தள்ளிவிட வேண்டாம். மூன்று ஆண்டாவது ஒரு விழாவுக்குக் கொடுங்கள். பிறகு கணக்கோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: போன ஆண்டு நின்று பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு தேடி வந்தார்கள்? அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு கூடுமானால் அது உங்கள் இடம். நட்டம் சிறிதாக இருந்தாலும் தொடருங்கள். கூடவில்லை என்றால் விற்பனை நன்றாக நடந்திருந்தாலும் வேறு தெருவைப் பாருங்கள். முடிவு எதுவானாலும், அடுத்த ஆண்டு விண்ணப்பம் எந்த மாதம் தொடங்குகிறது என்பதை இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.